மறுக்கக் கூடாத மீன்

சனிக்கிழமை நான்கு மணிக்கு நெவில் வாளியோடு வருவான். ரேவின் மக்காஸ்கில் மூன்றரைக்கே எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்துவிடுவாள். ஜூலைக் குளிரிலும் திறப்பாள். நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு திறந்து பயனில்லை, வருவதற்கு முன்பே அது வெளியேற வழி வைத்திருக்க வேண்டும் என்பது அவள் கண்ட அனுபவம்.

அது ஒரு காலத்தில் வெள்ளைப் பெயின்ட் வந்த வாளி. காலையில் இரைக் கணவாயைப் படகுக்கு எடுத்துப்போவது அதில்தான். மாலையில் மீன் துண்டுகள் வருவதும் அதில்தான். நடுவே படகில் அவசரம் வந்தாலும் அதே வாளிதான் என்று நெவிலே ஒருநாள் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "கடல் தண்ணியில ஒரு அலசு அலசினா போச்சு" என்று சிரித்தான். அன்றிலிருந்து அவள் அந்த வாளியின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடித்தாள்.

நெவில் அவளுடைய கணவன் ஐவனின் தம்பி. வாங்காமல் இருக்கலாமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். பூமியின் தென்கோடியில், ஜூலையில் குளிர்காலம் வரும் எங்கள் ரிவர்ட்டனில் அது நடக்காது. வேலித் தகராறில் வக்கீல் வரை போன இரண்டு வீட்டுக்காரர்கள்கூட, ஒருவன் மீனோடு வந்து கதவைத் தட்டினால் மற்றவன் வாங்கிக்கொள்வான். கொடுத்தவனை உள்ளே அழைத்து உட்காரவைக்க வேண்டும். அவனாக எழுந்து போகும்வரை டீயோ பீரோ கொடுக்க வேண்டும். அவனைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்த ஒரே ஒரு வாக்கியம் உண்டு: "எங்களுக்கு மீன் இருக்கு." அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வீட்டு ஆள் யாராவது பிடித்த மீனாகவும் இருக்க வேண்டும். கடையில் வாங்கியது கணக்கில் வராது. சொந்தத்தில் படகு இருக்கும்போது கடையில் மீன் வாங்குவது அந்தப் படகுக்காரன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ஐவனுக்கு மீன் வேண்டும். மூன்று குளிர்காலங்களுக்கு முன் தொண்டையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போனது, விழுங்கும் சக்தியும் பாதி போனது. இறைச்சி இறங்காது, ரொட்டி அடைக்கும். எங்கள் கடலில் கிடைக்கும் நீலக் காட் என்ற மெல்லிய சதை மீனைப் பாலில் வேகவைத்து, உருளைக்கிழங்கோடு மசித்தால் இறங்கும். மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து எடை பார்ப்பாள். ஒரு காலத்தில் டிராக்டர் எஞ்சினைத் தோள் கொடுத்து நிமிர்த்திய மனிதன் இப்போது ஐம்பத்தொரு கிலோ.

ஆகவே நெவில் வந்தான். ஐவனின் நாற்காலியில் உட்கார்ந்தான். கத்தியைத் தட்டுத் துடைக்கும் துணியில் துடைத்தான். ஐவன் எதிரில் இருக்கும்போதே, "எவ்வளவு நாள் தாங்குவான்னு டாக்டர் சொல்றாரு?" என்று கேட்டான். ஃப்ரிட்ஜைத் திறந்து துழாவிப் பார்த்தான். ஐவனின் பீரைக் குடித்தான், இரண்டு மணி நேரம். போகும்போது மீன் பிசுக்கு காயாத கையை ரேவின் தோளில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனான். அந்தச் சட்டையை அவள் தனியாகத் துவைத்தாள்.

அசிங்கம் என்றால் முகம் சுளிக்கும் பெண் அல்ல ரேவின். இருபத்திரண்டு வருடங்களாக முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். காலை ஆறு மணிக்கு அங்கே வந்து சேரும் விரிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை அவள் வெறுங்கையால் பிரித்து, கறைக்குத் தக்க மருந்து போட்டு, மாலைக்குள் வெள்ளைக் காகிதம் போல மடித்து அடுக்குவாள். "முடியாதவங்க பண்றது அசிங்கம் இல்ல. முடிஞ்சும் பண்ணாம விடறானே, அதுதான் அசிங்கம்" என்பாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வாளியிலிருந்து துண்டுகளை எடுத்துப் பலகையில் பரப்பினாள். நான்காவது துண்டில் தோல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் உரித்து எடுத்தாள். விரல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. உள்பக்கம் பழுப்பாக இருந்தது.

"நெவில், இது உன்னுதா?"

"அட, அங்கயா இருக்கு! காலையிலேருந்து தேடறேன்."

அவள் மேசை இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்துத் துண்டுகளின் பக்கத்தில் வைத்தாள். முப்பத்து மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த காட் மீனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அளவு மீனின் துண்டு அவள் முன்கை நீளத்தில் பாதியாவது வரும். பலகையில் கிடந்தவை அவள் நடுவிரலை விடக் கொஞ்சம்தான் நீளம். மீனை முழுசாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதி இருப்பதே இதற்காகத்தான். நெவில் கடலிலேயே துண்டு போட்டுவிடுவான். எலும்பைப் பறவை தின்றுவிட்டால் யார் அளப்பது?

"என்ன ரே, அளவெடுத்து மீனுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"இதெல்லாம் முப்பத்து மூணு இருந்துச்சா?"

"வெட்டறதுக்கு முன்னாடி இருந்துச்சு. கத்தியப் பாத்ததும் பயத்துல சுருங்கிடுச்சு."

தன் நகைச்சுவைக்குத் தானே தொடையில் தட்டிச் சிரித்தான். ஐவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, அந்தக் குட்டி மீன்களை மசித்து ஐவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது ரேவினுக்குக் குமட்டியது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது ஐவன். என்ன வழி?"

ஐவனின் குரல் கதவுக் கீல் கிறீச்சிடுவது போலத்தான் வரும். "நீயே போய்ப் பிடி" என்றான். வேடிக்கைக்குச் சொன்னான். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைச் சன்னலில் ஓர் அட்டை இருந்தது: மஞ்சள் கயாக், துடுப்பு, குளிர்நீருக்கான ரப்பர் உடுப்பு, சேர்த்து விற்பனைக்கு. ஓர் ஆள் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு அது. விற்பவள் வைமரி. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவள், பாவா என்ற பெரிய கடற்சிப்பிக்கு முக்குளிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். வயதில் மூத்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு ஆன்ட்டிதான்.

"ஆன்ட்டி, இதுக்கு முன்ன மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. மீன் வாடையே எனக்கு ஆகாது."

"கடல்லயாவது போயிருக்கீங்களா?"

"ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் வாந்தி."

"அப்புறம் எதுக்கு இது?"

"ஒருத்தன் வீட்டுக்குள்ள வராம இருக்கறதுக்கு."

வைமரி தலையைச் சொறிந்தாள். "நாய் வாங்கினா இதவிட மலிவு ஆன்ட்டி."

ஆனாலும் கொடுத்தாள். ஒரு நிபந்தனை போட்டாள். கழிமுகத்தில் பத்துத் தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து, பத்துத் தடவையும் யார் உதவியும் இல்லாமல் ஏற வேண்டும். அதுவரை கடல் பக்கம் திரும்பக் கூடாது. இன்னும் இரண்டு விதிகள் சொன்னாள். "வெயிலப் பாத்து உடுத்தாதீங்க, தண்ணியப் பாத்து உடுத்துங்க. வெயில் ஏமாத்தும், நம்ம தண்ணி எப்பவும் பதினொண்ணு பன்னெண்டு டிகிரிதான். அப்புறம், எல்லாத்தையும் கட்டுங்க. கட்டாதது எதுவும் உங்களுது இல்ல."

ரேவின் ரப்பர் உடுப்பை முகர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இதுல எத்தன பேரு ஒண்ணுக்கு இருந்திருக்காங்க?"

"உலகத்துல ரெண்டே வகைதான் ஆன்ட்டி. இதுக்குள்ள ஒண்ணுக்கு இருக்கறவங்க, இருந்துட்டு இல்லேன்னு சாதிக்கறவங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து வினிகரில் ஊறவைத்தாள். சோடா உப்பில் ஊறவைத்தாள். இல்லத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்தையும் போட்டாள். நான்கு தடவை துவைத்து நிழலில் உலர்த்தி முகர்ந்தால் அது அப்படியே இருந்தது. சற்று எலுமிச்சை வாசனையோடு. இருபத்திரண்டு வருடத்தில் அவளைத் தோற்கடித்த முதல் துணி அதுதான்.

செப்டம்பர் முழுவதும் கழிமுகத்தில் கவிழ்ந்தாள். முதல் தடவை தண்ணீர் கழுத்தில் ஏறியதும் மூச்சு தன் இஷ்டத்துக்கு இழுக்க ஆரம்பித்தது. நாய் இரைப்பது போல இரைத்தாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர். வைமரி கரையிலிருந்து கத்தினாள்: "ஒரு நிமிஷம்! ஒரு நிமிஷம் சும்மா பிடிச்சுத் தொங்குங்க, மூச்சு திரும்பும்! அப்புறம் ஏறுங்க!" திரும்பியது. கயாக்கின் குறுக்கே வயிற்றால் விழ வேண்டும், நீந்துவது போலக் காலை உதைக்க வேண்டும், பிறகு புரண்டு உட்கார வேண்டும். அவள் புரண்ட வேகத்தில் மறுபக்கமாக விழுந்தாள். அடியில் கறுத்த சேறு. காலை ஊன்றினால் முழங்கால்வரை இழுத்துக்கொண்டு அழுகிய முட்டை நாற்றம் விட்டது. நான்காவது நாள்தான் முதல் தடவை ஏறினாள். ஏறிய உடனே வாந்தி எடுத்தாள்.

நெவில் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தான்.

"ரே! கடல்சிங்கத்துக்குக் குளிப்பு பழக்கறாங்கன்னு ஊர்ல சொன்னாங்க, நீதானா அது?"

அவள் எட்டாவது தடவையாகக் கவிழ்ந்தாள்.

அக்டோபரில் கடல். மீன்பிடிப்பில் அவளுக்குப் பிடித்தது என்று ஒன்றுமில்லை. இரைக் கணவாய் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு மூன்று நாள் போகாது. முதல் நாள் வாந்தி எடுத்தபோது சிறு மீன்கள் கூட்டமாக வந்து அதைத் தின்றன. அதைப் பார்த்து இன்னொரு தடவை எடுத்தாள். இரண்டாம் நாள் பாரகூட்டா சிக்கியது. கையளவு அகலம், கை நீளம், வாய் நிறைய ஊசி. தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துவிட்டு, மடியில் விழுந்து துள்ளி, அவள் மார்பெல்லாம் சளி போல எதையோ பூசிவிட்டுப் போனது. அதன் சதையில் வெள்ளைப் புழு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள், குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அவளும் வைமரி சொன்ன முதல் வகையில் சேர்ந்தாள். வெதுவெதுப்பு தொடை வழியாக இறங்கியது. சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

காட் மீனையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெரிய தலை, தொங்கும் உதடு, எதைப் போட்டாலும் விழுங்கும் பேராசை. ஒன்றின் தொண்டையில் பாதி செரித்த நண்டு. அதன்மேல் அவள் தூண்டில். ஆனால் அடிக்கோலை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. கயாக்கின் பக்கவாட்டில் முப்பத்து மூன்றில் ஒரு சிவப்புக் கோடு கீறி வைத்திருந்தாள். முப்பத்து இரண்டரை மீன் தண்ணீருக்குத் திரும்பிப் போனது. சின்ன வாய்கள் சிக்காத அளவுக்குப் பெரிய தூண்டில் முள்ளாகத் தேடி வாங்கினாள். எடுத்த மீனை உடனே மண்டையில் ஊசி குத்திக் கொன்றாள். நெவிலின் மீன்கள் எப்படிச் சாகும் என்று அவளுக்குத் தெரியும்.

சிவப்புத் தகரக் கூரையும் மேட்டில் நிற்கும் ஒற்றைச் சைப்ரஸ் மரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேராக வரும் இடத்தில் அடியில் பாறை, பாறையில் காட். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு வாரம் ஆனது. நவம்பரிலிருந்து வாரநாட்களில் மாலை வேலை முடிந்து போய் ஒன்றிரண்டு கொண்டுவந்தாள். ஐவன் அன்றைக்கே சாப்பிட்டான். ஆனால் சனிக்கிழமை நான்கு மணிக்கு ஃப்ரிட்ஜ் காலியாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை தென்காற்று, ஒரு சனிக்கிழமை மூடுபனி, ஒரு சனிக்கிழமை பாரகூட்டா மட்டும், அதைத் திரும்பக் கடலிலேயே விட்டாள்.

நெவில் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்ப்பான். "எங்கேம்மா உன் மீனு? கயாக்குல டான்ஸ் ஆடினா மீன் வராது ரே. இந்தா பிடி." வாளி பலகையில் ஏறும்.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையிலேயே வடகாற்று, நிலத்தின் மேலிருந்து வெதுவெதுவென்று வீசியது. இருபத்தாறு டிகிரி. எங்கள் ஊருக்கு அது தீபோல. கடை வாசலில் ஆண்கள் சட்டை இல்லாமல் நின்றார்கள். கடல் இஸ்திரி போட்ட விரிப்புப் போலக் கிடந்தது. "வடக்கு வீசினால் படகை இறக்கு" என்பது படகுத்துறையில் எல்லோர் வாயிலும் இருப்பது. முப்பது வருடமாக ரேவின் அதைக் கேட்டிருக்கிறாள். கரைப்பக்கக் காற்று அலையை அமுக்கிவிடும், மீன் பிடிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. இறக்கினாள்.

இந்த வெயிலில் ரப்பர் உடுப்பா என்று ஒரு கணம் தயங்கினாள். வைமரி சொன்னது நினைவு வந்தது. போட்டுக்கொண்டாள். வியர்வையில் பழைய நாற்றங்களெல்லாம் விழித்துக்கொண்டன.

பாறைக்கு மேல் போனதும் மீன் கடித்தது. முப்பத்தாறு. கொஞ்ச நேரத்தில் முப்பத்தெட்டு. மூன்றாவது கனத்தது, வளைந்துகொண்டே வந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டி வால் நீண்டது: நாற்பத்தொன்று. மூன்றையும் கொன்று பையில் போட்டுப் பையைக் கட்டினாள். நான்கு மணிக்கு ஃப்ரிட்ஜில் மீன் இருக்கும். அந்த நிம்மதியோடு தலை நிமிர்ந்தாள்.

சிவப்புக் கூரை நகத்தளவு இருந்தது. சைப்ரஸ் மரத்தைக் காணவில்லை.

மீன் பிடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் காற்று அவளை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்திருந்தது. தட்டையான தண்ணீரில் அது தெரியவில்லை. படகுத்துறைப் பேச்சு எஞ்சின் வைத்திருப்பவர்களின் பேச்சு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்குக் காற்று எங்கே தள்ளினால் என்ன, சாவியைத் திருகினால் வீடு. துடுப்புக்காரிக்கு அந்தப் பேச்சு தலைகீழ்.

துடுப்புப் போட்டாள். பக்கத்தில், யாரோ இறால் கூடையை அடியில் இறக்கி அடையாளத்துக்குக் கட்டிவிட்ட ஆரஞ்சு மிதவை ஒன்று இருந்தது. இருபது நிமிடம் தோள் கழலும்படி வலித்துவிட்டுப் பார்த்தால் அது இன்னும் பக்கத்திலேயே இருந்தது. களைத்து ஒரு நிமிடம் நிறுத்தினாள். மிதவை கரைப்பக்கமாக அவளை விட்டு நகர்ந்து போனது. நகர்வது மிதவை அல்ல, தான்தான் என்று புரிந்தது. அங்கே கரையின் மறைவு இல்லை. சிற்றலைகள் எழுந்து நுரைத்தன. சாய்ந்து கிடந்த தூண்டில் கழியை எட்டி எடுக்கத் திரும்பினாள். பக்கவாட்டில் ஓர் அலை. தண்ணீருக்குள் போய்விட்டாள்.

மூச்சு இரைத்தது. ஒரு நிமிடம் பிடித்துத் தொங்கினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை மறுபக்கம் விழுந்தாள். மூன்றாம் தடவை வயிற்றால் விழுந்து, உதைத்து, புரண்டு உட்கார்ந்தாள். துடுப்பு கயிற்றில் இருந்தது. மீன்பை இருந்தது. ரப்பர் பைக்குள் இருந்த தொலைபேசியும் இருந்தது, ஆனால் பையின் வாயைத் திறக்க விரல்கள் மறுத்துவிட்டன. பல்லால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெற்கே எஞ்சின் சத்தம் கேட்டது. வெளிப் பாறைகளிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் படகு. அதன்மேல் மாலிமாக் என்ற பெரிய கடற்பறவைகளின் கூட்டம். அது யார் படகு என்று பார்ப்பதற்கு முன்பே காற்று எதிர்ப்பக்கமாக வீசியும் அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"அடடே! யாரு இது, பென்குயினா?" நெவில் படகை மெதுவாக்கினான். கூட ஒரு சிநேகிதன், சட்டை இல்லாமல், கையில் பீர் டப்பாவோடு.

"நெவில், காத்து வெளிய தள்ளுது. கயிறு போடு."

"கயிறு எதுக்கு? ஏறி வா. உதடெல்லாம் நீலமா இருக்கு. சூடா டீ இருக்கு."

அவள் படகின் விளிம்பைப் பிடித்து உள்ளே பார்த்தாள். கணுக்கால் அளவுக்குச் சிவந்த தண்ணீர், அதில் டப்பாக்கள், கணவாய்த் தோல், வெண்ணிறத்தில் ஏதோ நுரை. தொட்டி நிறைய மீன்கள், ஒரு சாண் நீளத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை, பாதிக்கு மேல் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சிநேகிதன் ஒன்றை எடுத்து இரண்டு பக்கச் சதையையும் அறுத்து வாளியில் போட்டான். தலையும் முள்ளும் மிஞ்சியதைக் கடலில் எறிந்தான். அது அவள் பக்கத்தில் விழுந்தது. சதை இல்லாத அந்த மீன் வாலை ஆட்டியது. நீந்தப் பார்த்தது. பறவை வந்து கொத்திக்கொண்டு போனது.

"நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? குளிர்ல செத்துப்போவ."

"செத்தா இதுல சாகறேன். கயிறு போடு."

"போடறேன், போடறேன். இழுவைக்கு மீன் உண்டு, தெரியுமில்ல?" நெவில் சிநேகிதனைப் பார்த்துக் கண்ணடித்தான். படகை இழுத்துக் கொண்டுவந்தவனுக்கு இழுபட்டவன் மீனில் பங்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்காமல் விட்டால் இழுபட்டவனுக்குத்தான் அவமானம்.

"தெரியும்" என்றாள் ரேவின்.

நாற்பது நிமிடம் இழுத்தான். எஞ்சின் புகை முகத்தில் அடித்தது. பாட்டுச் சத்தம். அவ்வப்போது ஒரு குடல், ஒரு தலை. காலி டப்பா ஒன்று மிதந்து வந்தது. எட்டிப் பிடித்துத் தன் பையில் வைத்தாள். கரையின் மணல்மேடு காற்றை மறைத்ததும் தண்ணீர் திரும்ப அமைதியானது. விரல்களில் உயிர் வந்திருந்தது. இனித் துடுப்புப் போதும். "நன்றி நெவில்!" என்று கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று முடிச்சை அவிழ்த்துவிட்டு, நேரே மணலுக்குத் திருப்பினாள்.

மிச்சத்தைப் படகுத்துறையில் நின்றவர்கள் சொன்னார்கள். நெவில் ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்து நின்றுகொண்டு வந்திருக்கிறான். "பின்னால யாரக் கொண்டுவரேன் பாருங்க! எங்க அண்ணன் பொண்டாட்டி, தெற்குத் துருவத்துக்குக் கிளம்பிட்டா!" ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். கயிறு மட்டும் தண்ணீரில் இழைந்துகொண்டு வந்தது. நெவில் திரும்பிப் பார்த்ததும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டதாம். அந்த ஒரு நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. தொலைவில் ஒருத்தி மஞ்சள் கயாக்கை மணலில் இழுத்துப் போவதை யாரோ காட்டிய பிறகுதான் சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் நிறுத்தவில்லை.

நான்கு மணிக்கு அவன் வந்தான். வாளியோடும் சிவந்த முகத்தோடும். ரேவின் குளித்திருந்தாள், சன்னல்களைத் திறக்கவில்லை. கதவை ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் திறந்து, அந்த இடத்தில் தானே நின்றாள்.

"எங்களுக்கு மீன் இருக்கு, நெவில்."

ஆறு மாதமாக வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம்.

"இருக்கா? யாரு கொண்டுவந்து சேத்த மீனு அது? நான் இழுக்கலேன்னா இந்நேரம் அது ஸ்டூவர்ட் தீவத் தாண்டியிருக்கும். நீயும் கூடவே போயிருப்ப. ஊர்முன்னால என்ன முட்டாளாக்கிட்டு, மீன் இருக்காம் மீனு! நகரு." ஒரு காலைப் படியில் வைத்தான்.

"நீ சொல்றது சரிதான்" என்றாள். "நீ இழுக்கலேன்னா நான் இல்ல. அதனாலதான் உன் பங்க எடுத்து வச்சிருக்கேன்."

கதவின் பின்னாலிருந்த சிறு மேசையிலிருந்து எடுத்தாள். கொதிநீரில் அலசிய வெள்ளைத் துணியில் சுற்றிய மீன். குடல் எடுத்து, உள்ளே இரத்தக் கோடுகூட இல்லாமல் கழுவி, தலையோடும் வாலோடும். மூன்றில் பெரியது.

"நாப்பத்தொண்ணு. வேணும்னா அளந்து பாத்துக்க. அடிக்கோல் தரேன்."

நெவில் மீனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தெருவில் எதிர்வீட்டு டோரீன் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் கொடுத்த மீனை யாரும் மறுத்ததில்லை. அவன் வாளியைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் தான் நிற்கும் இடம் அவனுக்குப் புரிந்தது போலிருந்தது. உள்ளே வந்து உட்காருவது மீன் கொடுத்தவன். வாங்கினவன் வீட்டுக்குப் போய் அதை ஐஸில் வைக்க வேண்டும்.

"வெயிலா இருக்கு. நிக்காத, கெட்டுப்போயிடும்" என்றாள் ரேவின்.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஐவன்? என்னடா இது? டேய், ஐவன்!"

உள்ளேயிருந்து ஐவனின் கீல் குரல் கிறீச்சிட்டது. "கதவச் சாத்து ரே. ஈ வருது."

நெவில் போனான். துணியில் சுற்றிய மீனைக் கைக்குழந்தையைப் போல முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு போனான் என்று டோரீன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

பாலில் வெந்த மீனை ரேவின் மசித்தாள். ஐவன் ஒரு வாய் விழுங்கினான். நேரம் எடுத்துக்கொண்டான். இன்னொரு வாய்.

"உன் மீனு நாறறதே இல்ல" என்றான்.

"அவன் மீனு நாறுதுன்னு இத்தன நாளா ஏன் சொல்லல நீ?"

"நீ சிரமப்பட்டு ஊட்டறியேன்னு."

அவள் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். மூன்று வருடம். பிறகு தட்டில் மிச்சமிருந்ததையும் ஊட்டினாள்.

வாளி படியிலேயே கிடந்தது. மூடியைத் துடைப்பக் கட்டையால் நெம்பிப் பார்த்தாள். விரலளவுத் துண்டுகள், ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. தின்னவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. ருபார்ப் பாத்தியில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தாள். வாளியைக் கொதிநீரில் ஒரு தடவை, பிளீச்சில் இரண்டு தடவை தேய்த்தாள். அடியில் பெயின்ட் கடையின் பெயர் தெரிய ஆரம்பித்தது. துணி சுற்றாமல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நான்கு தெரு நடந்து, நெவில் வீட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். உள்ளே அவளுடைய நன்றிக்கு அடையாளமாகக் கடலில் பொறுக்கிய பீர் டப்பா இருந்தது, கழுவியது.

திரும்பி வந்து ரப்பர் உடுப்பைக் கொடியிலிருந்து எடுத்தாள். அடுத்த சனிக்கிழமைக்கும் மீன் வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமைக்கும். திரும்ப அந்தக் கணவாய், அந்தச் சளி, அந்த வாந்தி. உடுப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் பாதி நாற்றம் இப்போது அவளுடையது. ஐந்தாவது தடவையாக அதை ஊறப்போட்டாள்.